படப்புத்தகமும் கறிவேப்பிலைச் செடியும்

அன்பு மகளுக்கு,

பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி தர விரும்பும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கருவிகளை நம்புகின்றனர். ஒன்று படப்புத்தகம், மற்றொன்று இயற்கை நோக்கல், அதாவது செடி, பூச்சி, பறவை, மழை, வெயில் ஆகியவற்றைக் குழந்தை தன் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்து அறிந்துகொள்ளும் பழக்கம். இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களாகப் பிரித்து, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என அட்டவணைக்குள் அடைக்கும்போது இரண்டுமே வலுவிழக்கின்றன. வாசலில் கண்டதைப் பிறகு புத்தகத்தில் சந்திப்பதும், புத்தகத்தில் கண்டதைப் பிறகு வாசலில் தேடுவதுமாக நடக்கும் போக்குவரத்தே நான்கைந்து வயதின் கல்வி. மகள் அனுப்பியிருந்த வார அட்டவணையைக் குறித்துப் பெரியப்பா சொல்ல வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான். எஞ்சியவை அதற்கான காரணங்கள்.

படப்புத்தகம் என்பது படம் போட்ட கதைப்புத்தகத்திலிருந்து வேறானது. கதைப்புத்தகத்தில் படங்களை நீக்கினாலும் கதை நிற்கும். படப்புத்தகத்திலோ கதையின் ஒரு பகுதியை எழுத்தும் மறுபகுதியை ஓவியமும் சுமப்பதால் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றொன்று நொண்டும். பாட் ஹச்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட ‘ரோசீஸ் வாக்’ என்னும் ஆங்கில நூலில் கதையாக உள்ளவை 32 சொற்களே. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு இரவு உணவு நேரத்திற்குத் திரும்பியதை அவை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்கின்றன. கோழியின் பின்னாலேயே பதுங்கிவந்து ஒவ்வொரு முறையும் அடிபட்டு விழும் நரியைப் பற்றி எழுத்தில் ஒரு குறிப்பும் இல்லை. எழுத்தறிந்த பெரியவர் வாக்கியத்தைப் படித்துக்கொண்டு போக, எழுத்தறியாத குழந்தைதான் நரியைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற மகிழ்ச்சியைக் குழந்தைக்குத் தரும் நூல்கள் குறைவு. அவற்றைத் தேடி வாங்குவது வீண்செலவாகாது.

குழந்தைகளுக்கான படநூல்களின் முன்னோடியாகக் கருதப்படுவது, மொராவியாவைச் சேர்ந்த கல்வியாளர் கொமேனியஸ் இயற்றி 1658-இல் நியூரம்பர்க் நகரில் லத்தீனிலும் ஜெர்மனிலும் அச்சான ‘ஓர்பிஸ் பிக்டஸ்’. புலன்வழி அறியாத பொருளின் பெயரை மனப்பாடம் செய்விப்பது வீண் என்பது அவருடைய கொள்கை. அதனால் எழுத்துகளை அறிமுகம் செய்யும் பக்கத்திலேயே காகத்தின் கரைதலையும் ஆட்டுக்குட்டியின் கத்தலையும் எழுத்தொலிகளோடு இணைத்து வைத்தார். பொருள் முதலில், பெயர் அதன் பின் என்ற இந்த வரிசை, ‘ஃபிளாஷ் கார்டு’ எனப்படும் பட அட்டைகளைக் காட்டிக் காட்டிப் பெயர்களை ஒப்பிக்க வைக்கும் இன்றைய வழக்கத்திற்கு நேர் எதிரானது.

படப்புத்தகத்தை வாசித்துக் காட்டும் பெரியவர்களிடம் அடிக்கடி காணப்படும் குறை, ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி, இது என்ன நிறம், இங்கே எத்தனை வாத்து என்று தேர்வு நடத்துவதாகும். கதையின் ஓட்டம் அறுபடும் இடத்தில் குழந்தையின் கவனமும் அறுபடுகிறது. அதைவிடக் கேடானது, புத்தகம் என்றாலே பதில் சொல்லித் தப்பிக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணம் எழுத்துக் கூட்டத் தொடங்கும் முன்பே படிந்துவிடுவது. பக்கத்தைப் புரட்டும் உரிமை குழந்தையிடம் இருப்பதும், வாசித்து முடித்தபின் குழந்தையாகப் பேசத் தொடங்கும்வரை பெரியவர் வாயைத் திறக்காமல் இருப்பதும் போதும். ஒரே நூலை மீண்டும் மீண்டும் கேட்கும் பிடிவாதத்திற்கும் இடங்கொடுப்பது நல்லது. முதல் வாசிப்பில் கதையைப் பிடிக்கும் குழந்தை, பிந்தைய வாசிப்புகளில்தான் முகக்குறிப்புகளையும் பக்கத்தின் மூலையில் ஓவியர் ஒளித்துவைத்த எறும்பையும் காண்கிறது.

அமெரிக்காவில் ஜேன் கிளேர் லாம்பர்ட் 1990-களில் உருவாக்கிய ‘ஃபைவ் இன் எ ரோ’ என்னும் வீட்டுக்கல்வித் திட்டம் இந்தப் பிடிவாதத்தையே முறையாக்கியது. ஒரே படப்புத்தகம் வாரத்தின் ஐந்து நாளும் வாசிக்கப்பட்டு, சமூகம், மொழி, ஓவியம், கணக்கு, அறிவியல் என நாளுக்கு ஒரு துறையைப் பற்றிய பேச்சு அதிலிருந்து கிளைக்கிறது. மகளின் அட்டவணையில் இதன் சாயல் தெரிகிறது. திரும்ப வாசித்தல் என்ற அளவில் இது சிறந்த ஏற்பாடு. நாளுக்கு ஒரு துறை என்பதில்தான் ஐயம் எழுகிறது. வியாழக்கிழமை வந்துவிட்டதே என்பதற்காகக் கதையில் வரும் வாத்துக்குஞ்சுகளை எண்ண வைப்பதால் கணக்குக்கும் நன்மையில்லை, வாத்துக்கும் நன்மையில்லை.

வாத்துக்குஞ்சு என்றவுடன் நினைவுக்கு வருவது, ராபர்ட் மெக்லாஸ்கி 1941-இல் வெளியிட்ட ‘மேக் வே ஃபார் டக்லிங்ஸ்’. பாஸ்டன் நகரப் பூங்காவில் வாழ வரும் ஒரு வாத்துக் குடும்பத்தின் கதையான அதை வரைவதற்காக, அவர் தம் நியூயார்க் குடியிருப்பில் உயிருள்ள வாத்துகளையே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அவை திரும்புவதையும் நீந்துவதையும் பார்த்துப் பார்த்துக் கோட்டோவியங்கள் தீட்டினார். பீட்ரிக்ஸ் பாட்டரின் வரலாறு இதைவிடத் தெளிவானது. பள்ளிக்கே போகாமல் லண்டனில் வீட்டு ஆசிரியைகளிடம் பயின்ற அவர், முயல், எலி, முள்ளெலி முதலியவற்றை வளர்த்து வரைந்தார். காளான்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, அவற்றின் வித்துத்தூள் முளைக்கும் விதம் பற்றி எழுதிய கட்டுரை 1897-இல் லின்னேயன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டபோது, பெண் என்பதால் அக்கூட்டத்திற்குள் அவர் செல்ல முடியவில்லை. தம் பழைய ஆசிரியையின் நோயுற்ற மகனுக்கு 1893-இல் அவர் எழுதிய படக்கடிதமே 1902-இல் ‘பீட்டர் முயல்’ நூலாக விரிந்தது. அந்த முயல் நீலச் சட்டை போட்டிருந்தாலும் அதன் காதும் பின்னங்காலும் உண்மையான முயலுடையவை. சிறந்த படப்புத்தகங்களில் பல நெடுநாள் உற்றுநோக்கலில் விளைந்தவை என்பதால், நூலையும் நோக்கலையும் இருவேறு பாடங்களாகக் கருத இடமே இல்லை.

இயற்கை நோக்கல் என்பது உயிரியலின் சிறுவர் பதிப்பு என்று கொள்வதும் பிழை. உயிரியல் வகைப்பாட்டில் தொடங்கி உயிருக்கு வருகிறது; இயற்கை நோக்கலோ எதிரில் இருக்கும் ஒரே ஓர் உயிரில் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் வேளாண்மை நலிந்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த 1890-களில், கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தம் நிலத்தின்மீது பற்று உண்டாக வேண்டும் என்ற நோக்கத்தோடு கார்னெல் பல்கலைக்கழகம் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. அங்கு பணியாற்றிய அன்னா பாட்ஸ்ஃபர்ட் காம்ஸ்டாக் 1911-இல் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட பெரிய கையேட்டில், விடை தெரியாத ஆசிரியர் அதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டு மாணவரோடு சேர்ந்து தேட வேண்டும் என்பதை வலியுறுத்தினார். செடிகளின் பெயர் தெரியாதே என்று தயங்கும் மகளுக்கு இது துணையாகும். பெயரை உடனே கைப்பேசியில் தேடிச் சொல்லிவிடும் பழக்கத்தைக் காட்டிலும், ‘மஞ்சள் வயிற்றுக் குருவி’ என்று வீட்டிலேயே ஒரு பெயரிட்டுச் சில நாள் பார்த்துவிட்டு, அதன்பின் அது தேன்சிட்டு என அறிவது குழந்தைக்குப் பயன் தரும்.

இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் 1892 முதல் ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்த சார்லட் மேசன், 1886-இல் வெளியான தம் ‘ஹோம் எஜுகேஷன்’ நூலில், ஆறு வயது வரை முறையான பாடம் வேண்டாம் என்றும், வானிலை ஓரளவு நன்றாக உள்ள நாட்களில் நான்கு முதல் ஆறு மணி நேரம் குழந்தைகள் வெளியில் இருக்கட்டும் என்றும் கூறினார். வீட்டுக்கல்வி பற்றிப் பேசுவோர் இன்றும் அவரை அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றனர். முதற்கூற்றைத் தயக்கமின்றி ஏற்கலாம். இரண்டாவது குளிர்ந்த இங்கிலாந்துக்கு எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் சென்னையில் அதைப் பின்பற்றுவது குழந்தையை நோயில் தள்ளும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னுமான நேரமே தமிழ்நாட்டின் கோடைக்குப் பொருந்தும். பறவைகளும் அந்த நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கின்றன.

நோக்குவதற்கு எங்கும் பயணம் போகத் தேவையில்லை. அடுக்ககத்தின் மாடத்தில் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியே போதும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்னும் இரு வண்ணத்துப்பூச்சிகளும் இச்செடியையும் இதன் உறவான எலுமிச்சை, நாரத்தை வகைகளையும் தேடி வந்து, இளந்தளிர்களில் வெளிர்மஞ்சள் நிறத்தில் உருண்டையான முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழு முதல் சில நாட்களுக்குக் கருமையும் வெண்மையும் கலந்து பறவை எச்சம் போலக் காணப்படுவதால் பறவைகள் அதை உணவாகக் கருதுவதில்லை. பலமுறை தோலுரித்து வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பச்சை நிறம் கொள்கிறது. அந்நிலையில் அதை மெல்லிய குச்சியால் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற செந்நிற உறுப்பொன்றை வெளியே நீட்டிக் கடும் வாடையைப் பரப்புகிறது. பின்னர் தண்டில் வாலை ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. இக்கூடு சுற்றுப்புறத்திற்கு ஏற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ அமைவதும் உண்டு. முட்டை முதல் சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்துவிடும் இவ்வாழ்க்கையைக் குழந்தை பல் துலக்கிக்கொண்டே பார்த்துவிடலாம். சிறு செடியாயின் நான்கைந்து புழுக்கள் சேர்ந்து அதை மொட்டையாக்கிவிடும் என்பதால், ரசத்துக்குத் தனியாக ஒரு செடி வைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு உகந்தது.

எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ அலமாரியிலிருந்து இறங்க வேண்டிய நேரம் இதுவே. அந்நூலின் புழு ஆப்பிளையும் ஆரஞ்சையும் துளைத்து, சனிக்கிழமை கேக்கும் பாலாடைக்கட்டியும் தின்று வயிற்றுவலியால் துன்புறுகிறது. பின்னர் விட்டில்பூச்சிகள் கட்டுவது போன்ற நூற்கூட்டுக்குள் புகுந்து வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது. மாடத்துப் புழுவை ஒரு மாதம் பார்த்த குழந்தை, நம் புழு இலையைத் தவிர எதையும் தின்னவில்லையே என்றும் கூடு இப்படியா இருந்தது என்றும் தானாகவே கேட்கும். நூலின் குற்றத்தைச் சுட்டிக்காட்டிப் பெரியவர் விரிவுரை ஆற்றும் இடம் இதுவன்று. கதை தன் போக்கில் இனிதாயிருக்கலாம், செடியில் நடப்பது வேறாயிருக்கலாம் என்ற இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ளக் குழந்தையால் முடியும். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் துளையிட்டு வெளிவரும். அவை ஒட்டுண்ணிக் குளவிகள், அதாவது பிற பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதையே தின்று வளர்பவை. அந்த ஏமாற்றத்தையும் குழந்தையிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, அரளியும் ஊமத்தையும் வாய்க்குப் போகக்கூடாது என்ற எச்சரிக்கைகள் மட்டும் முதல் நாளிலேயே கண்டிப்பாகச் சொல்லப்பட வேண்டியவை.

வெளிநாட்டுப் படப்புத்தகங்களை மட்டும் நம்பும் வீடுகளில் வேறொரு கோணல் நேர்கிறது. பனி பெய்யும் குளிர்காலம், இலை சிவந்து உதிரும் இலையுதிர்காலம் என நான்கு பருவங்களை ஒப்பிக்கும் குழந்தை, தன் ஆண்டின் மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குப் பெயரில்லாமல் வளர்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறையும் மனப்பாடம் செய்விப்பதைவிட, தெருவிலுள்ள ஒரு வேப்பமரத்தை ஓராண்டு பார்ப்பது நல்லது: பின்பனியில் இலை கொட்டுவது, செம்புநிறத் தளிர் விடுவது, சித்திரைப் பச்சடிக்கு வேண்டிய பூவைச் சொரிவது, ஆனி, ஆடியில் பழுத்துக் காகத்தையும் மைனாவையும் அழைப்பது. தமிழில் படப்புத்தகம் இல்லை என்ற குறையும் இப்போது முழு உண்மையன்று. சென்னையின் தூலிகா 1996 முதல் தமிழிலும் இருமொழியிலும் வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

நாட்குறிப்பு ஒன்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். குழந்தை வரைய, அது சொல்வதைத் தாய் ஒரு வரி எழுதித் தேதியிட்டால் போதும். கோணலான ஓவியத்தைத் திருத்துவதும், அதை உறவினர்களுக்குப் படம் பிடித்து அனுப்புவதும் தவிர்க்கத்தக்கவை. பார்வையாளர் உண்டு என்று தெரிந்த கணத்திலிருந்து குழந்தை செடியைப் பார்ப்பதை விட்டுப் பார்ப்போரைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இம்முறையால் ஆகாதவையும் உண்டு. சண்டையிட்டுச் சமாதானமாகும் பக்குவம் பிற குழந்தைகளோடு தெருவில் விளையாடித்தான் வர வேண்டும்; எந்தப் படப்புத்தகமும் அதற்கு ஈடாகாது. சட்டநிலையும் அறிந்துகொள்ள வேண்டியது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் கடமையைப் பெற்றோர்மீது வைக்கிறது. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆதலால் அடுத்த இரண்டாண்டுகளுக்குக் கவலையில்லை. அதற்குப் பின்னும் வீட்டிலேயே தொடர்வதாயின், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 14 வயதிலிருந்து பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுத வழி தருகிறது. ஆனால் ஆறு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சீருடையைப் பார்த்துப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று குழந்தையே கேட்டால், கொள்கைக்காக மறுக்காமல் சேர்த்துவிடுவதே முறை. கறிவேப்பிலைச் செடிக்கு மாலை நேரம் போதும்.

அன்புடன்,
பெரியப்பா