வலி விட்டுவிட்டாலும் கிளம்புங்கள்

பெண் பிள்ளைக்கு அடிவயிறு வலித்தால் நம் வீடுகளில் முதல் கேள்வி, "தேதி நெருங்குதா?" என்பதுதான். என் மகளுக்கு அப்படி வலித்தபோது, ஓய்வுபெற்ற செவிலியரான என் அக்கா போனில் வேறொன்று கேட்டாள்: "எப்போ ஆரம்பிச்சதுன்னு அவளால குறிப்பாச் சொல்ல முடியுதா?"

முடிந்தது. "கேம்ப் ரோட்ல பஸ்ஸை விட்டு இறங்கினப்போ பெரிம்மா. சுரீர்னு, வலது பக்கம் மட்டும்." அடுத்து வாந்தி. மாதவிடாய் வலி பெரும்பாலும் மெல்ல ஏறும். இது நொடியில் வந்தது. சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து கொஞ்ச நேரத்தில் வலி குறைந்துவிட்டது. "குறைஞ்சாலும் கிளம்பு" என்றாள் அக்கா.

அக்கா பயந்தது இதற்குத்தான்: சினைப்பை தன்னைத் தாங்கும் தசைநார்களோடு முறுக்கிக்கொள்வது. டாக்டர்கள் ஓவேரியன் டார்ஷன் என்பார்கள். முறுக்கு சற்றுத் தளர்ந்தால் வலி விடும், இறுகினால் திரும்பும். 5 சென்டிமீட்டருக்கு மேல் கட்டி இருந்தால் ஆபத்து கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கும், குழந்தைப்பேறுக்காக ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் வரலாம். கட்டியே இல்லாத சிறுமிகளுக்கும் வருகிறது. வலது பக்கம் வந்தால் குடல்வால் என்றோ சிறுநீரகக் கல் என்றோ நினைத்துவிட இடமுண்டு.

முதலில் போன இடத்தில் கல்லாக இருக்கலாம் என்று வலிக்கு ஊசி போட்டு, காலையில் வரச் சொன்னார்கள். மகப்பேறு டாக்டர் பார்க்காமல் போகமாட்டோம் என்று உட்கார்ந்தோம். இதைச் சொல்லத் தயங்கவே கூடாது. வந்தவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்: 7 சென்டிமீட்டரில் ஒரு டெர்மாய்டு கட்டி. டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிந்தது. எனக்கு நிம்மதி, அவருக்கு இல்லை.

சினைப்பைக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது: அதற்கே உரிய தமனி ஒன்று, கருப்பைத் தமனியின் கிளை ஒன்று. முறுக்கில் முதலில் நசுங்குவது மெல்லிய சிரைகள். உள்ளே போகும் ரத்தம் வெளியேற முடியாமல் சினைப்பை வீங்கும்; தமனி அடைபடுவது அதற்குப் பின்புதான். ஆகவே டாப்ளரில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அறிகுறிகள் பொருந்தினால் லேப்ராஸ்கோப்பியில் நேரே பார்ப்பதே வழி என்றார். அன்றிரவே செய்தார்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேட்டேன்: "முறுக்கை எடுத்துட்டு சினைப்பையை அப்படியே விட முடியுமா?" கறுத்துப்போன சினைப்பையை முன்பெல்லாம் வெட்டி எடுத்துவிடுவார்களாம், முறுக்கைப் பிரித்தால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்றும், கருநீலமாகத் தெரிவதும் பல நேரம் பிழைத்துக்கொள்கிறது என்றும் இன்று தெரிந்திருக்கிறது. இளம்பெண்களுக்கு முடிந்தவரை விட்டுவைக்கத்தான் பார்க்கிறார்கள். என் மகளுக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள்.

கிளம்பும்போது ஓமத் தண்ணீரோ காபியோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறு தேவைப்படும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கடைசி மாதவிடாய்த் தேதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு ஏன் என்று சண்டை போடாதீர்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே மாதிரிதான் வலிக்கும், அதுவும் உயிருக்கு ஆபத்து.

எங்கே போவது என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் 1928 முதல் இருக்கும் பெரிய மருத்துவமனை நெஞ்சக நோய்களுக்கானது. இதற்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, தெற்கே இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, நகருக்குள் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. தனியார் என்றால், இரவில் மகப்பேறு டாக்டரும் லேப்ராஸ்கோப்பியும் உண்டா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் பக்கம் வண்டிகள் நகராத சாயங்காலம் என்றால், சொந்தக் காரை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.