ஸ்காட்லாந்து மலைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு

கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் படிக்க வரும் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வரும் பெற்றோரும் விடுமுறை கிடைத்ததும் மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். போன இடத்தில் ஒரு தயக்கம் வரும். வேலி போட்டிருக்கிறதே, யாருடைய நிலமோ, உள்ளே போகலாமா?

போகலாம். ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மலை, காடு, மேய்ச்சல் நிலம், ஏரி, ஆறு என்று பெரும்பாலான இடங்களில், அது தனியார் நிலமே ஆனாலும், பகலோ இரவோ நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், குதிரையில் போகலாம், நீந்தலாம், துடுப்புப் படகு விடலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம். கட்டணம் கிடையாது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் பொறுப்போடு நடந்துகொள்ளும் வரைதான் இந்த உரிமை இருக்கும் என்று சட்டமே நிபந்தனை வைத்திருக்கிறது. எது பொறுப்பு என்பதை விளக்கும் அரசு நெறிமுறை ஒன்றும் உண்டு. நிலத்தை நம்பி வாழ்கிறவர்களோடு அலைந்து திரிகிறவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தமாகவே அதைப் பார்க்கிறேன். அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருக்கிறது. 1847-இல் எடின்பரோவின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபோர் மாணவர்களோடு கிளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போனபோது, நிலச்சொந்தக்காரரான அதால் கோமகனின் ஆட்கள் வழிமறித்தார்கள். அந்தத் தகராறு நீதிமன்றம் வரை போனது. இன்று அதே பள்ளத்தாக்கில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அங்கே பொதுப்பாதைகளிலும், 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மலை, பொட்டல் நிலங்களிலும்தான் நடக்கலாம். அனுமதி கேட்காமல் கூடாரம் போடும் உரிமை டார்ட்மூர் பொதுநிலங்களில் மட்டும் இருக்கிறது. அதுவும் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் உறுதியானது.

கிளம்பும் முன்

எதற்கெல்லாம் உரிமை இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காரும் பைக்கும் இதில் சேராது; மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் மோட்டார் வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. மீன் பிடிக்கத் தனி அனுமதி வேண்டும். வீடு, தோட்டம், பள்ளி வளாகம், கட்டுமான இடம், குவாரி ஆகியவற்றுக்குள் போகக் கூடாது. கோல்ஃப் மைதானத்தைக் குறுக்கே கடக்கலாம், பந்து குழியில் விழும் அந்த வழவழப்பான புல்தரையில் மட்டும் கால் வைக்கக் கூடாது.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 20 வரை மலைகளில் மான் வேட்டை மும்முரமாக நடக்கும். மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க எஸ்டேட்காரர்கள் செய்யும் வேலை அது. எந்த மலையில் எந்த நாளில் என்று இணையத்திலும் மலையடிவாரப் பலகைகளிலும் போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக வேட்டை இருக்காது.

வண்டியை நிறுத்தும் இடம்

மலைப்பகுதிச் சாலைகள் பலவும் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஆங்காங்கே ஒதுங்குமிடம் விட்டிருப்பார்கள். அங்கே காரை நிறுத்திவிட்டு மலையேறப் போகாதீர்கள். பண்ணை கேட்டுக்கு முன்னாலும் கூடாது. சும்மா பூட்டிக் கிடப்பதுபோலத் தெரியும், பத்தாவது நிமிடம் டிராக்டர் வரும்.

கேட்டும் வயலும்

ஊர்க்காரர்கள் உங்களை எடைபோடுவது இங்கேதான். கேட் மூடியிருந்தால் திறந்து போய்விட்டு மூடுங்கள். திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். நல்லெண்ணத்தோடு மூடிவிட்டுப் போனாலும், தண்ணீர்த்தொட்டி அந்தப் பக்கம் இருந்தால் ஆடுகள் தாகத்தில் தவித்து நிற்கும். பூட்டியிருந்து, ஏறித்தான் கடக்க வேண்டுமென்றால், கீல் இருக்கும் பக்கம் ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் உங்கள் பாரத்தில் கேட் தொங்கிப்போகும்.

பயிர் நிற்கும் நிலத்துக்குள் இறங்கும் உரிமை இல்லை. வயலோரமாகப் போகலாம், டிராக்டர் சக்கரம் போன தடத்திலும், விதைக்காத துண்டிலும் நடக்கலாம். பலரும் ஏமாறுவது புல்வெளியில். ஆடு மாடு மேயாமல், முழங்கால் உயரத்துக்குச் சீராக வளர்ந்து நிற்கும் புல், குளிர்காலத் தீவனத்துக்காக வளர்த்தது. அறுவடைக்கு நெருங்கிய அந்தப் புல்லை மிதித்தால் நெல்வயலை மிதித்த மாதிரிதான். மேய்ந்து கட்டையாகக் கிடக்கும் புல்லில் தாராளமாகப் போகலாம்.

ஆடு, மாடு, நாய்

கன்று ஈன்ற பசு இருக்கும் வயலைச் சுற்றிப் போய்விடுங்கள். படம் எடுக்கக் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகவே கூடாது. நாய் கூட இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. மாடுகள் துரத்தி வந்தால் நாயின் வாரை விட்டுவிடுங்கள். அது ஓடித் தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்பிப்பீர்கள். குட்டி ஆடுகளும் கன்றுகளும் இருக்கும் வயலுக்கு நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் அடைகாக்கும் என்பதால், திறந்த பொட்டலிலும் வார் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். நாய் ஆட்டைத் துரத்தினாலோ கடித்தாலோ 40,000 பவுண்டு வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை என்று 2021-இல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள்.

இரவு தங்குவதானால்

சிறிய கூடாரம், சில பேர், ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். வீடுகள், சாலைகள், பழங்காலக் கட்டடங்களிலிருந்து தள்ளிப் போடுங்கள். லாக் லோமண்ட் - ட்ரொசாக்ஸ் தேசியப் பூங்காவில் மட்டும் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை, குறிப்பிட்ட ஏரிக்கரைகளில் தங்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கரையோரம் கூட்டம் தாங்காமல், வெட்டிய மரங்களும் குப்பையுமாய்க் கிடந்ததால் வந்த கட்டுப்பாடு அது.

சமைக்க அடுப்பு கொண்டுபோங்கள். இங்கே மலையின் பல பகுதிகள் பீட் என்னும் மட்கிய கருமண். அது காய்ந்தால் எரியும். மேலே தீ அணைந்த பிறகும் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே போகும். காட்டிலும் பீட் மண்ணிலும், வறண்ட நாட்களில் எங்குமே, நெருப்பு மூட்டாதீர்கள். மலம் கழிக்க ஆறு, ஏரியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிப் போய்க் குழி தோண்டி மூடுங்கள். கீழே இருக்கும் வீட்டுக்குக் குடிதண்ணீர் அந்த ஓடையிலிருந்தே போகக்கூடும்.

வழி தவறினாலோ அடிபட்டாலோ 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேளுங்கள். மீட்க வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

யாராவது மறித்தால்

குரலை உயர்த்தாதீர்கள். வணக்கம் சொல்லி, எந்தப் பக்கமாகப் போனால் உங்களுக்குத் தொந்தரவில்லை என்று கேளுங்கள். மரம் வெட்டுகிறார்கள், மருந்தடிக்கிறார்கள் என்று நியாயமான காரணம் பெரும்பாலும் இருக்கும். சுற்றிப் போவது உங்கள் கடமை. காரணமே இல்லாமல் 'உள்ளே வராதே' என்று பலகை வைத்திருந்தாலோ, மக்களைத் தடுக்கவே கேட்டைப் பூட்டியிருந்தாலோ, அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பூட்டை உடைக்க வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதி உள்ளாட்சியில் இருக்கும் அணுகல் அதிகாரிக்கு அனுப்புங்கள். தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்கா நிர்வாகத்துக்கு. தடையை அகற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.