பழைய மரச்சாமான் வாங்கும் முன்



பண்ருட்டிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தேங்காய்த்திட்டில் உள்ள என் கிடங்குக்குச் சரக்கு எடுக்க வந்தார். மகனையும் கூட்டி வந்திருந்தார். பையனுக்குக் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, இரண்டு நண்பர்களோடு வெளியில் அறை எடுத்திருக்கிறான். "முதலாளி, கட்டில், மேசை, நாற்காலி, ஒரு பீரோ வேண்டும். கையில் ஆறாயிரம்தான் இருக்கிறது. பழசாக வாங்கலாமா?" என்று கேட்டார். "தாராளமாக வாங்கு தம்பி, ஆனால் பருப்பு மூட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்து வாங்கு" என்றேன். அன்று அவரிடம் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். பிள்ளைகளை வெளியூரில் படிக்க வைக்கும் உறுப்பினர்கள் நம்மில் பலர் உண்டு.

மிளகாய்க்கு வரத்துக் காலம் இருப்பதுபோல் இதற்கும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கடைசி ஆண்டு மாணவர்கள் அறையைக் காலி செய்வார்கள். ஊருக்குக் கொண்டுபோக வண்டிக் கூலி கட்டாது என்பதால் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். காலாப்பட்டிலும், ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுப் பக்கமும் இதைப் பார்க்கலாம். புதுப் பிள்ளைகள் வந்து இறங்கியதும் அதே மேசைக்கு விலை ஏறிவிடும். காலம் தப்பியவர்கள் வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன கட்டில் மாடியில் கிடக்கும்.

மரத்தை மேலே பார்த்து மயங்கக்கூடாது. பாலிஷ் எதையும் மறைக்கும். மேசையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள். ஊசித் துளைகள் இருந்து, மாவுபோல் தூள் உதிர்ந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. கசகசாவைப்போல் சிறுசிறு மணியாக உதிர்ந்தால் அது மரத்துக்குள்ளேயே வாழும் கரையான் வகை. சந்தேகமாக இருந்தால் மரத்தை நன்றாகத் துடைத்து, அடியில் வெள்ளைத்தாள் விரித்து இரண்டு நாள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் தூள் விழுந்தால் பேரத்தை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். பிறகு இரண்டு மூலைகளைப் பிடித்துக் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். ஒரு கட்டையின் துளையில் இன்னொன்றை இறக்கி ஆப்பு அடித்த வேலையென்றால், ஆடினாலும் தச்சர் சரிசெய்துவிடுவார். வெறும் ஆணியில் நிற்பது மறுபடி மறுபடி ஆடும்.

இவ்வளவு தெரிந்தது நஷ்டப்பட்டுத்தான். நான் முதலில் கடை வைத்தபோது, மூடப்போகும் ஒரு மளிகைக் கடையிலிருந்து மர ரேக்கை மலிவாக எடுத்தேன். துடைத்து, பெயிண்ட் அடித்து, சரக்கு அடுக்கினேன். இருபது நாளில் மைதாவிலும் ரவையிலும் சிவப்பு வண்டு. பலகை இடுக்குகளில் பழைய மாவு அடைந்து கிடந்து, அதில் குடியிருந்திருக்கிறது. ரேக்கில் மிச்சம் பிடித்ததைவிடக் கொட்டிய சரக்கின் மதிப்பு அதிகம். பழைய ரேக் வாங்கும் கடைக்காரர்கள் பலகைகளைக் கழற்றி, இடுக்கைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே சரக்கு வைக்க வேண்டும்.

கட்டிலில் மூட்டைப்பூச்சியைப் பார்க்க வேண்டும். சட்டம் சேரும் இடங்களில் கரும்புள்ளிகள் இருந்தால் வேண்டாம். பழைய மெத்தையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாய் வாங்கிக் கொள்ளட்டும்.

இரும்பு பீரோவுக்கு நமது ஊரில் தனிக் கவனம் வேண்டும். கடற்காற்று அடிக்கால்களைத் தின்றுவிடும். அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பூட்டையும் நான்கு முறை திறந்து மூடிப் பாருங்கள்.

மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை மேசைகள் பார்க்க அழகாக இருக்கும். தண்ணீர் பட்டால் உப்பிவிடும், ஒருமுறை கழற்றினால் திருகு மறுபடி பிடிக்காது. அதைப் பழசாக வாங்குவது வீண்.

விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள். மேசை ரூ.1,200, வண்டிக் கூலி ரூ.400, இரண்டு ஆண்டு கழித்து ரூ.700-க்கு விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். செலவு ரூ.900, மாதத்துக்கு ரூ.37.50. புது மேசை ரூ.3,500-க்கு வாங்கி ரூ.500-க்கு விற்றால் மாதம் ரூ.125 ஆகிறது. இதில் வண்டிக் கூலிதான் ஆளை ஏமாற்றும். நான்கு சாமானை நான்கு நடையாக ஏற்றினால் மலிவு முழுவதும் அதிலேயே போய்விடும். எல்லாவற்றையும் பேசி வைத்துக்கொண்டு, ஒரே நாளில் ஒரே குட்டியானையில் ஏற்ற வேண்டும்.

கைமாற்றும்போது ஒரு துண்டுச் சீட்டிலாவது தேதி, சாமான், தொகை எழுதி விற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் திருட்டுச் சாமான் என்று யாராவது வந்து நின்றால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். பழைய ஷோகேஸ், ரேக் வாங்கி விற்கும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற உறுப்பினர்களுக்கும் ஒரு சேதி: கொள்முதலுக்கு உள்ளீட்டு வரி எடுக்காதிருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட 2017-ஆம் ஆண்டு விதிகளில் வழி உண்டு. உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர் மகன் மேசையும் நாற்காலியும் பழசாக எடுத்தான். கட்டிலுக்குக் காந்தம் வைத்துப் பார்த்து ஒரு இரும்புக் கட்டில். பீரோ சரியாக அமையவில்லை என்று விட்டுவிட்டு, என் கிடங்கிலிருந்து இரண்டு பிஸ்கட் பெட்டிகளைத் துணி வைக்கக் கேட்டு வாங்கிப் போனான்.