"ஏன்?" என்று கேட்டுப் படித்தல்: இறப்பர் பால் ஓர் உதாரணம்

மாணவர்களே, க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞானப் பாடத்தில் "ஆவியுயிர்ப்பு என்றால் என்ன?" என்று கேட்டால் உங்களுள் அநேகர் விடை எழுதிவிடுவீர்கள். "இறப்பர் மரத்தில் அதிகாலையில் பால் வெட்டுவது ஏன்?" என்று கேட்டால்? கேகாலை மாவட்டத்தின் கரவனெல்லப் பகுதித் தோட்டங்களில் வளரும் பிள்ளைக்கு இது கண்முன்னே நடக்கும் வேலை. ஆயினும் பேனை நின்றுவிடும். வரைவிலக்கணத்தை மனனம் செய்தோமேயன்றி அதை எதனோடும் பொருத்திப் பார்க்கவில்லை. "காரணம் தருக" என வரும் வினாக்களில் புள்ளிகள் பறிபோவது இதனால்தான்.

இதற்கு வகுப்பில் கையாளத்தக்க இலகுவான முறையொன்று உண்டு. 1981 இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங் லைமன் முன்வைத்தது. வினா கேட்கப்பட்டதும் எவரும் உடனே கையுயர்த்தக்கூடாது. முதலில் தனியே சிந்தித்துக் கொப்பியில் குறியுங்கள். பின்னர் பக்கத்திலிருப்பவரோடு பேசுங்கள். அதன் பின்னரே வகுப்புக்குச் சொல்லுங்கள். ஆசிரியர் வராத பாடவேளையிலும் இருவர் சேர்ந்தால் போதும்.

மேற்படி வினாவையே எடுப்போம். ஒருவர், "வெயில் ஏறினால் பால் காய்ந்துவிடும்" என்பார். மற்றவர் விடக்கூடாது. "மரத்தின் உள்ளே இருக்கும் பால் எப்படிக் காயும்?" என்று கேட்க வேண்டும். இங்கேதான் சிந்தனை தொடங்குகிறது. பால் இருப்பது பட்டையிலுள்ள பாற்கலன்களில். இரவில் ஆவியுயிர்ப்பு குறைவு. ஆகவே வேர் உறிஞ்சிய நீர் நிறைந்து, விடியும்போது வீக்க அமுக்கம் உயர்ந்திருக்கும். அவ்வேளை வெட்டினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஆவியுயிர்ப்பு கூடும், அமுக்கம் குறையும், பாலும் குறையும். முதலாமவர் சொன்னதை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டாம்: வெட்டிய இடத்தில் பால் உறைந்து அடைப்பதாலேயே ஓட்டம் ஈற்றில் நிற்கிறது.

அடுத்து இரசாயனவியல். சேகரித்த பாலில் போமிக் அமிலம் இட்டால் உறைகிறது. அமோனியா இட்டால் திரவமாகவே இருக்கிறது. (போமிக் அமிலம் தோலைச் சுடும். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) ஏன் இந்த வேறுபாடு? இறப்பர்த் துணிக்கைகளைச் சூழ்ந்துள்ள படை மறை ஏற்றமுடையது. ஒத்த ஏற்றங்கள் தள்ளுவதால் துணிக்கைகள் விலகியே நிற்கின்றன. அமிலத்தின் ஐதரசன் அயன்கள் அவ்வேற்றத்தை நடுநிலையாக்கியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன.

இப்போது உங்கள் முறை. அமிலம் எதுவும் இடாமல் வைத்தாலும் பால் நேரஞ்செல்லத் தானாக உறைகிறது. அந்த அமிலம் எங்கிருந்து வந்தது? (குறிப்பு: நுண்ணங்கிகள்.) புத்தகத்தை மூடிவைத்து மூன்று வரிகளில் விடை எழுதுங்கள். அதை நண்பரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.