அட்வான்ஸ் பணம் யாருடைய பணம்?
வாடகைக்கு வீடு விடும் உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்



முன்பெல்லாம் கூட்டத்துக்குப் போனால் கறவை மாட்டுக்குக் கடன் கேட்பார்கள். இப்போது திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், "மேடம், வீட்டுக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் போட்டு வாடகைக்கு உடலாம்னு இருக்கறனுங்க, கடன் கெடைக்குங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். நமக்கு வருமானம் வேண்டும். நல்ல யோசனைதான்.

ஆனால் அதோடு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். "மாடுன்னா தீவனம் வெக்கோணும். வீடு சும்மா நின்னாலே காசு வரும்." இந்த வார்த்தை சரியா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

நடந்த ஒரு விஷயம்

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு இரண்டு லைன் வீடு. ஒரு வீட்டுக்கு வாடகை 3,000 ரூபாய், அட்வான்ஸ் 9,000 ரூபாய். இரண்டு வீட்டுக்கும் சேர்ந்து 18,000 ரூபாய் ஒரே நாளில் கைக்கு வந்தது. மகள் காதுகுத்து வைத்தார். மீதியைக் கடைக்குப் பாக்கி கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு வீட்டுக்காரர்கள் காலி செய்கிறோம் என்றார்கள். ஒரு மாதம் முன்னாடியே சொல்லிவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாமான்களை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அந்தப் பெண் கைக்குழந்தையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "அக்கா, இந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் அந்த வீட்டுல சாவி தருவாங்க" என்கிறார். அக்கா கையில் 700 ரூபாய்தான் இருந்தது.

கடைசியில் வார வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த 9,000 ரூபாயை அடைக்க ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் குழுவில் சந்தாவும் பாக்கி, உள்கடன் தவணையும் பாக்கி. என்னிடம் சொல்லும்போது, "அது நம்ம பணம்னு நெனச்சுட்டனுங்க அம்மணி" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஏமாற்ற நினைக்கவும் இல்லை. கணக்கில் ஒரு வரியை இடம் மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அட்வான்ஸ் வருமானம் அல்ல, கடன்

நம் குழுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். உறுப்பினர் கட்டும் சேமிப்பு ரொக்கப் புத்தகத்தில் வரவில் வருகிறது. ஆனால் ஆஸ்தி பொறுப்பு அறிக்கையில் அது எந்தப் பக்கம்? பொறுப்பு பக்கம். ஏனென்றால் உறுப்பினர் விலகினால் அந்தச் சேமிப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அட்வான்ஸும் அதே மாதிரிதான். கைக்கு வந்த பணம், ஆனால் நம் பணம் அல்ல.

அதனால் அட்வான்ஸ் வாங்கிய அன்றே அதை உங்கள் பெயரில் தனியான சேமிப்புக் கணக்கிலோ, வங்கி அல்லது தபால் நிலைய வைப்பிலோ போட்டுவிடுங்கள். வரும் வட்டி உங்களுக்கு. அசலைத் தொடாதீர்கள். ரொம்ப அவசரத்துக்குத் தொட்டால், குழுவில் கடன் வாங்கியதாக நினைத்து மாதாமாதம் திருப்பிக் கட்டுங்கள்.

கட்டும் முன் ஒரு கணக்கு

இரண்டு அறை கட்ட 3 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். வாடகை ஒரு வீட்டுக்கு 3,000 வீதம் மாதம் 6,000 ரூபாய். இது மாதிரிக் கணக்குதான். உங்கள் ஊர் வாடகையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

வருட வாடகை: 72,000 ரூபாய்
வீட்டுக்கு ஒரு மாதம் காலியாக இருந்தால் கழிவு: 6,000 ரூபாய்
வெள்ளையடிப்பு, குழாய், கதவு, ஓடு, சீட் ரிப்பேர்: 6,000 ரூபாய்
மோட்டார், செப்டிக் டேங்க், வீட்டு வரி: 4,000 ரூபாய்
மீதி: 56,000 ரூபாய். அதாவது மாதம் சுமார் 4,670 ரூபாய்.

இப்போது கடன் தவணையைப் பாருங்கள். ஐந்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை சுமார் 6,670 ரூபாய். மாதாமாதம் 2,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் தவணை சுமார் 4,300 ரூபாய். அப்போதுதான் வாடகை தவணையைத் தாங்கும். மிச்சம் 370 ரூபாய்.

காலி மாதத்தையும் ரிப்பேரையும் கழிக்காமல், "வாடகை ஆறாயிரம், தவணை ஆறாயிரத்துச் சொச்சம், சரியாப் போச்சு" என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்போது வீடு சும்மா நிற்கும், காசு வராது. வங்கி மட்டும் தேதி தவறாமல் கேட்கும். முடிந்தவரை முதலில் ஓர் அறை கட்டி, ஒரு வருடம் அனுபவம் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள்.

கட்டிய லைன் வீட்டை வாங்கினால்

• மூலப்பத்திரம், விற்பவர் பெயரில் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் அசலாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் பெயர் பொருந்த வேண்டும்.
• வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். பதிவான விஷயங்கள் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாமல் கொடுத்த அடமானம், வாரிசுத் தகராறு வராது. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.
• குடியிருப்பவர்களோடு வீட்டை வாங்கினால், அவர்கள் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு என்று அவர்களிடமே நேரில் கேளுங்கள். அந்தப் பணம் பழைய வீட்டுக்காரரிடம் இருக்கிறது. காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்கள். அதனால் விலையில் அதைக் கழித்துக்கொண்டு, குடியிருப்பவர்களுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். நாலு வீட்டுக்கு 9,000 என்றால் 36,000 ரூபாய் ஆயிற்றே!
• பத்திரம் உங்கள் பெயரில் ஆகட்டும். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டு வந்தது. பதிவு அலுவலகத்தில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

வாய்ப்பேச்சு போதாது

தமிழ்நாட்டில் 1960ஆம் வருடத்து வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் புதுச் சட்டம் வந்தது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாடகை வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும்.

உங்கள் வீடு ஊராட்சியில் இருந்தாலும் எழுதிக்கொள்வதுதான் நல்லது. வாடகை எவ்வளவு, எந்தத் தேதி, அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட்டுக்கு யூனிட் எவ்வளவு, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வெள்ளையடிப்பு யார் செலவு என்று ஆறு விஷயம் இருந்தால் போதும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குடிவருகிறவரின் அடையாள அட்டை நகலும் சொந்த ஊர் விலாசமும் வாங்கி வையுங்கள். குடிவரும் நாளில் மீட்டர் ரீடிங்கை எழுதி, இருவரும் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் பக்கம் பல கம்பெனிகளில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். ஒன்றாம் தேதி என்று பிடிவாதம் பிடிக்காமல், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினால் வாடகை தவறாமல் வரும்.

வீட்டுக்காரம்மா செய்யக் கூடாதவை

வாடகை பாக்கி என்றால் கோபம் வரத்தான் செய்யும். அதற்காகத் தண்ணீரை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது, சாமானை வெளியே வைப்பது எல்லாம் கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பேசிப் பாருங்கள், அப்புறம் எழுத்தில் கொடுங்கள், அதற்கும் மேல் என்றால் வாடகை அதிகாரியிடம் போங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் தனியாக வீடு தேடினேன். "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். "தனியா இருக்கற பொம்பளைக்கு வீடு இல்லை" என்று இன்னொரு வீட்டில் சொன்னார்கள். வெயிலில் நின்று கேட்ட அந்த வார்த்தை இன்றும் மறக்கவில்லை. நம் குழுக்களில் கணவரை இழந்தவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் எத்தனை பேர்! நம் வீட்டுக் கதவிலாவது அந்தக் கேள்வி வேண்டாம். வாடகை கட்டுவாரா, வீட்டைச் சுத்தமாக வைப்பாரா, இது போதும்.

வாடகை யார் கையில்?

கடன் உங்கள் பெயரில், தவணை உங்கள் தலையில். வாடகை மட்டும் வீட்டுக்காரர் கையிலோ மகன் கையிலோ போனால் எப்படி? வாடகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும், ரசீதில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். வாடகைக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, வரவு, செலவு, அட்வான்ஸ் என்று மூன்று பக்கம் பிரித்து எழுதுங்கள்.

அந்த அக்காவுடைய வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அவர்கள் கொடுத்த 9,000 ரூபாய் தபால் நிலையத்தில் இருக்கிறது. போன மாதம் பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். "வீடும் மாடு மாதிரிதானுங்க அம்மணி, பாத்துக்கிட்டாத்தான் பால் தரும்" என்றார்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்கள் நாளைக்கே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?
2. அறை கட்டக் கடன் கேட்பவரிடம் மேலே உள்ள கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகே தீர்மானம் எழுதலாமா?
3. வாடகை வீட்டில் இருக்கும் உறுப்பினர்களின் அனுபவம் என்ன? அவர்களை முதலில் பேசச் சொல்லுங்கள்.