கிரிவலமும் கேம் தண்டும்

மாணவர்களே! பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்குச் சென்றதுண்டா? சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் மக்கள் மலையை வலம் வருவார்கள். வழியில் எண்திசைக்கும் ஒன்றாக எட்டு லிங்கங்கள். ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஆகவே அடுத்தடுத்த இரு திசைகளுக்கு இடையே 45 பாகை.

பேரனும் தாத்தாவும் இராஜகோபுரத்தின் முன் ஒன்றாகப் புறப்படுகிறார்கள் என்று கொள்வோம். பேரன் இரண்டு சுற்று முடிக்கும்போது தாத்தா ஒரு சுற்றுதான் முடிக்கிறார். நான்கடிப்பு எஞ்சினிலும் இதுவே நடக்கிறது. பேரன்தான் கிராங்க் தண்டு. தாத்தா கேம் தண்டு. உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் ஆகிய நான்கு அடிப்புகளும் முடியக் கிராங்க் 720 பாகை சுழலும். கேம் தண்டு 360 பாகைதான் சுழலும். அதன் மேடுகளே வால்வுகளைத் திறக்கின்றன.

சற்றுத் தவறினால் என்ன?

நிமிடத்திற்கு 6,000 சுற்று வேகத்தில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடும். பந்தய கேமின் மேடு உயரமானது. அது வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும். பிஸ்டன் உச்சியை நெருங்கும்போதே உள்ளிழு வால்வும் கீழிறங்கத் தொடங்கிவிடும். கேம் தவறான கோணத்தில் பொருந்தியிருந்தால் இரண்டும் மோதும். வால்வு வளையும், பிஸ்டன் உடையும். மோதாவிட்டாலும் இழுவை குறையும்.

சென்னைத் திருவொற்றியூரில் 1956ஆம் ஆண்டு முதல் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டனின் ஓட்டம் 90 மி.மீ. கன அளவு 346 க.செ.மீ. என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். முன்பு சோழவரம் விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலும் பந்தயங்கள் நடந்துள்ளன. பந்தயத்திற்கு எஞ்சினைத் தயார் செய்யும் மெக்கானிக், பல்சக்கரத்தின் அடையாளப் புள்ளியை மட்டும் நம்பமாட்டார், அளந்து பார்ப்பார்.

உச்சியைக் காண்பது எப்படி?

கிராங்க் தண்டின் முனையில் 360 பாகை குறித்த தட்டு ஒன்றைப் பொருத்துவர். அருகில் ஒரு கம்பி முள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது முள் பூஜ்யத்தைக் காட்டவேண்டும். பட்டறையில் இந்நிலையை டி.டி.சி. என்பார்கள்.

கண்ணால் பார்த்து உச்சியைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியாது. நடு ஓட்டத்தில் கிராங்க் 5 பாகை திரும்பினால் பிஸ்டன் ஏறத்தாழ 4 மி.மீ. நகரும். உச்சிக்கு அருகிலோ அதே 5 பாகைக்குக் கால் மில்லிமீட்டர்கூட நகராது!

இதற்கு எளிய வழி உண்டு. பிளக் துளையில் ஒரு தடுப்பு ஆணியைப் பொருத்தி, பிஸ்டன் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும்படி செய்வர். கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினால் ஒரு பக்கம் 38 பாகையில் முட்டுகிறது. எதிர்ப்பக்கம் திருப்பினால் 34இல் முட்டுகிறது. உண்மையான உச்சி இரண்டிற்கும் நடுவில்தானே இருக்கவேண்டும்? தட்டை 2 பாகை நகர்த்தினால் இரு பக்கமும் 36 காட்டும். இப்போது பூஜ்யம் சரி. தடுப்பு ஆணியை எடுத்துவிடலாம்.

கேமின் நடு

அடுத்து, உள்ளிழு கேம் தள்ளும் தண்டின் மேல் டயல் கேஜை வைப்பர். கேமின் உச்சியும் தட்டையானதே. ஆகவே இங்கும் அதே தந்திரம். மேட்டின் இருபுறமும் ஒத்த வடிவமாயின், உச்ச உயரத்திற்கு 1 மி.மீ. முன்பும் பின்பும் பாகையைக் குறித்தால் போதும். முன்னே 74, பின்னே 142 எனில், கூட்டிப் பாதியாக்க 108. கேமுடன் வந்த அட்டை 106 என்கிறது. எனவே கேம், கிராங்க் கணக்கில் 2 பாகை பிந்தியுள்ளது. கேம் கணக்கில் 1 பாகை. அளக்கும்போது கிராங்கை ஓடும் திசையிலேயே திருப்பவேண்டும். இல்லையேல் பற்களின் இடைவெளி கணக்கைக் கெடுக்கும்.

ஒரு பல் தள்ளிப் பூட்டினால் சரியாகுமா? கேம் சக்கரத்தில் 40 பல் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பல்லுக்கு 9 பாகை. கிராங்கில் 18 பாகை! இரண்டு பாகைப் பிழையைத் திருத்தப்போய்ப் பதினாறு பாகைப் பிழை வந்துவிடும். அதனால் சற்றே விலகிய சாவியையோ நீள்துளையுள்ள சக்கரத்தையோ பயன்படுத்துவர். கடைசியாகப் பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கையால் சுற்றி, வால்வு பதிந்த தடத்தின் கனத்தை அளந்த பிறகே எஞ்சினை இயக்குவர்.

செய்து பாருங்கள்

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெடல் அச்சில் பாகை குறித்த அட்டை வட்டத்தை ஒட்டி, பிரேமில் ஒரு கம்பி முள்ளைக் கட்டுங்கள். பெடலின் உச்சியை முதலில் கண்ணால் பார்த்துக் குறியுங்கள். பிறகு உச்சிக்கு முன்னும் பின்னும், தரையிலிருந்து பெடல் ஒரே உயரத்தில் வரும் இரு பாகைகளைக் குறித்து நடுவைக் காணுங்கள். இரண்டு விடைகளும் எத்தனை பாகை வேறுபடுகின்றன?