ஊவாத் தேயிலையின் பருவம்

கேள்வி: ஊவாத் தேயிலையின் மணம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல இருக்குமா?

பதில்: இருக்காது. இலங்கையின் ஊவா மாகாணத்தில் உள்ள பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைத் தோட்டங்களின் சிறந்த தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை கிடைப்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கச்சான் எனப்படும் வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. மெதைல் சாலிசிலேட் போன்ற மணப்பொருள்கள் அதில் கூடுகின்றன. நாவில் குளிர்ச்சியாக நிற்கும் மணம் அதனால் வருவது.

பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து, நிறம் மாறியதும் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். பருவ காலத்தில் கொழுந்தை நன்றாக வாட்டி, காற்றுப்பட வைக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். நேரம் நீண்டால் சாயம் கூடும், அருமையான மணம் போய்விடும். பிறகு சலித்துத் தரம் பிரிப்பார்கள். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்ற பெயர்கள் இலைத்துண்டின் அளவை மட்டுமே குறிப்பவை. சுவையை அறிய, பறித்த மாதத்தைக் கேட்டு வாங்குவதே நல்லது.